டவுன்ஷிப் வில்லாவா, கோவில்பாளையம் சைட்டா, கணபதிக்குள் பழைய வீடா?

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. 22 வருடமாக வாடகை வீடுதான். போன தை மாதம் அன்னூர்ப் பக்கம் மாமனார் காட்டை விற்றதில் வீட்டுக்காரம்மா பங்குக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அதோடு கையிருப்பு, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து, பதிவுச் செலவு உட்பட 70 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்று பேசிக்கொண்டு வீடு தேடக் கிளம்பினோம். நாலு மாதம் அலைந்ததில் மூன்று இடம் மிச்சம் நின்றது. அவினாசி ரோட்டில் நீலம்பூர் தாண்டி உள்ளே தள்ளிப் போட்டிருக்கும் ஒரு டவுன்ஷிப்பில் 3 சென்ட் வில்லா. சத்தி ரோட்டில் கோவில்பாளையம் பக்கம் ஒரு லே-அவுட்டில் 5 சென்ட் சைட். அப்புறம், கணபதிக்குள்ளேயே ஒரு சந்தில் 2¾ சென்ட்டில் நிற்கும் ஓட்டு வீடு.

இதே குழப்பத்தோடு பட்டறைக்கு வந்து கேட்கிறவர்கள் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் படித்துச் சொன்னால்தான் எனக்குப் புரியும். ஆனால் ஒரு லே-அவுட்டுக்குள் கால் வைத்தால் முன்வாசல் வளைவில் என் கண் நிற்காது. போர் எங்கே இருக்கிறது, எத்தனை அடி, எத்தனை ஹெச்.பி. மோட்டார் இறக்கியிருக்கிறார்கள், கம்ப்ரசர் வைத்து ஊதி எடுக்கிறார்களா என்றுதான் பார்க்கும். இந்த ஊரைச் சுற்றி எந்தத் திசையில் வீடு கட்டினாலும் கடைசியில் அந்த வீட்டு மோட்டார் ஏதாவது ஒரு பட்டறைக்குத்தான் வந்து சேர்கிறது.

டவுன்ஷிப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். காந்திபுரத்திலிருந்து அவர்களே வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். மத்தியானச் சாப்பாடும் அவர்கள் செலவு. மாதிரி வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். கிழக்கு வாசல், சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் விளக்கத் தனி இடம், மாடியில் ஊஞ்சல் மாட்டக் கொக்கி. வீட்டுக்காரம்மா அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். விற்பனைக்கு நின்ற, டை கட்டிய தம்பியிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். “இங்க தண்ணி பத்திப் பேச்சே வேண்டாமுங்க சார்” என்றான்.

சரி என்று, வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி வாசல் செக்யூரிட்டி அறைக்குப் போனேன். உள்ளே வரும் வண்டி எண்ணை எழுதும் நீள நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. முந்தின நாள் பக்கத்தில் ஒரே எண் ஒன்பது தடவை. எதிரே ‘வா. டே.’ என்று எழுதியிருந்தது. வாட்டர் டேங்கர். இத்தனைக்கும் அன்றைக்குக் குடி வந்திருந்தவை நாற்பது வீடுகூட இருக்காது.

செக்யூரிட்டி அண்ணன் நம்ம சோமனூர்க்காரர். “போர் பதினாலு போட்டாங்க, அதுல நாலு பொகைதானுங்க வந்துச்சு” என்றார். புகை என்றால் காய்ந்த போர். துளை போடும்போது தண்ணீருக்குப் பதில் பாறைத் தூள் மட்டும் பறக்கும். மிச்சப் போர்த் தண்ணீரைக் கையில் இருந்த டி.டி.எஸ். மீட்டரில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவியில், பிடித்துப் பார்த்தேன். 1,700-ஐத் தாண்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதிலேயே இருக்கிறது. இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, கீசர் காயில் ஒரு வருடம் தாங்கினால் அதிசயம்.

ஊருக்கு வெளியே திட்டம் போட்டு நகர் அமைப்பது கோவைக்குப் புதிதில்லை. இன்றைக்கு ஊரின் நடுவில் இருக்கும் ஆர்.எஸ்.புரமே ஒரு காலத்துப் புதுநகர்தான். பிளேக் நோய் வாட்டிய காலத்துக்கு அப்புறம், பழைய பேட்டையின் நெரிசலை விட்டு வெளியே நேர்கோட்டில் தெருப் பிரித்துப் போட்டார்கள். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயர்தான் அந்த ஆர்.எஸ். அந்த நகர் தழைத்ததற்கு நேரான தெருவை விட, 1930-ஐ ஒட்டி ஊருக்குள் வந்த சிறுவாணித் தண்ணீர்தான் காரணம் என்பது என் எண்ணம். அதற்கும் சே.ப. நரசிம்மலு நாயுடு போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே குரல் கொடுத்தார்கள். கேட்டதற்கும் குழாயில் வந்ததற்கும் நடுவே ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. டவுன்ஷிப்காரர்கள் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் ‘விரைவில் குடிநீர் இணைப்பு’ என்று பார்த்தபோது எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது.

இதில் புரோக்கர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: “அத்திக்கடவுத் தண்ணி வருதுங்க.” கேட்கிறவர் தலையாட்டிவிடுவார். ஆனால் நம் ஊரில் அத்திக்கடவுத் தண்ணீர் என்பது இரண்டு. பில்லூர்த் திட்டத்தில் பவானியிலிருந்து சுத்தம் செய்து குழாயில் வரும் குடிநீரை நாம் அப்படித்தான் சொல்கிறோம், ‘உங்க வீதிக்குச் சிறுவாணியா, அத்திக்கடவா’ என்று கேட்கிற மாதிரி. இன்னொன்று அத்திக்கடவு–அவினாசித் திட்டம். 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் பவானி உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது. அது குளத்துக்கு வரும் தண்ணீர், குழாய்க்கு வருவதில்லை. குளம் நின்றால் சுற்றுப்பட்டுப் போரில் தண்ணீர் ஊறும் என்பது நிஜம். மாமனார் ஊர்க் குட்டையில் தண்ணீர் விட்டதும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை இரண்டு பைப் மேலே தூக்கிக் கட்டினேன். அதைக் காட்டி ‘உங்கள் வீட்டுக் குழாயில் வரும்’ என்று சொன்னால் நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

மாதிரி வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டே பெரிய பையன் போனில் ரெரா, அதாவது வீட்டு விற்பனைத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஆணையத்தின் தளத்தைத் திறந்து பதிவு எண்ணைப் போட்டான். இது எல்லோரும் செய்ய வேண்டிய வேலை. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். வாங்குகிறவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தில் 80 ஏக்கர் படம். பதிவில் இருந்தது முதல் கட்டம் மட்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி எல்லாம் மூன்றாம் கட்டத்தில், பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறியோடு. அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம் கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். அட்வான்ஸாக 15 சதவீதம் கேட்டார்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று பையன் சொன்னதும், தம்பி மேனேஜரைக் கூட்டி வரப் போனவன் வரவே இல்லை.

டவுன்ஷிப்பில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. கட்டியவர் போன பிறகு யார் நடத்துவது? அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம். அதற்குக் காற்று ஊதும் புளோயர் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டும். மூன்று குடியிருப்புகளின் புளோயர் மோட்டாருக்கு நான் காயில் கட்டியிருக்கிறேன். வாயு பட்டுப் பேரிங் எல்லாம் பச்சை பூத்துத்தான் வரும். அதில் ஒன்று நாலு மாதம் என் பட்டறை மூலையிலேயே கிடந்தது. பில்லை யார் கட்டுவது என்று பில்டருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் தகராறு. அந்த நாலு மாதம் அங்கே சாக்கடை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பின்பக்கத் தோட்டத்துக்காரரைக் கேட்டால் தெரியும். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பொது மோட்டாருக்கு அது கிடையாது. பராமரிப்புத் தொகை முதல் இரண்டு வருடம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது எல்லா மோட்டாரும் புதுசு என்பதுதான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் மனைப்பிரிவு அனுமதி வாங்க, உள்ளே போடும் சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே பல இடங்களில் கேட் போட்டு, ஆள் நிறுத்தி, ‘எங்கே போறீங்க’ என்று கேட்கும் அந்த ரோடு பஞ்சாயத்து ரோடு. கேட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் தானப் பத்திர நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. சாலை பஞ்சாயத்துடையது என்றால் பள்ளம் விழுந்தால் அவர்களிடம் போய் நிற்கலாம், அந்த விதத்தில் எனக்கு அது பிடிக்கும். ஆனால் கேட் நிலைக்குமா என்பது கேள்விதான்.

சென்னைக்காரர்கள் புதுநகரை எப்போதோ பார்த்துவிட்டார்கள். மறைமலை நகரை 1980 வாக்கில் அரசே துணை நகரமாகத் திட்டமிட்டது. பக்கத்திலேயே ரயில் வேறு. அப்படியும் 1990-களின் கடைசியில் கார் ஆலை வந்த பிறகுதான் அது வேகம் பிடித்தது. இப்போது சென்னை அருகே 2,000 ஏக்கரில் இன்னொரு புதுநகர் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய ஊர், அதைச் சுற்றித் துணை ஊர். கொங்கு நாட்டில் கதை வேறு. சோமனூரில் தறி ஓடுகிறது, பல்லடத்தில் கோழிப்பண்ணை, திருப்பூரில் பனியன், கணபதியில் லேத்துப் பட்டறை. ஊருக்கு வெளியே என்று காலியிடமே இங்கே கிடையாது, ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு தொழிலோடு நிற்கிறது. அதன் நடுவே மதில் கட்டி ஒரு நகர் எழுப்பினால், உள்ளே இருப்பவர் பாலுக்கும் பஞ்சருக்கும் மதிலுக்கு வெளியேதான் வர வேண்டும்.

சரி, கோவில்பாளையம் சைட்.

5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. 30 அடி ரோடு, தெருவிளக்கு, ஒரு மூலையில் பூங்கா என்று பெயர் எழுதிய வேலிக்காத்தான். டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறது. இது முக்கியம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது எத்தனை பேர் சைட்டை வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள் என்று நாம் பார்த்தோம். 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. ஆகவே ‘வரன்முறை செய்தது’ என்று ஒரு சைட் வந்தால் அதை மட்டும் தனியாக வக்கீலிடம் காட்டுங்கள். கட்டுவதும் இப்போது சுலபம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது.

என் சுபாவத்துக்கு இதுதான் பொருத்தம் என்று முதலில் நினைத்தேன். காசு இருக்கும்போது கட்டலாம், இல்லாதபோது நிறுத்தலாம், மேலே மாடி எடுக்கலாம், முன்னால் ஒரு தென்னை வைக்கலாம். டவுன்ஷிப்பில் வெளிச்சுவர் நிறத்தைக்கூட மாற்ற விட மாட்டார்கள். கோவில்பாளையம் பழைய ஊர், சந்தை, பள்ளிக்கூடம், அன்னூர் பஸ் எல்லாம் உண்டு. கீரணத்தம் ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் என் பட்டறை கணபதியில். காலையில் சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டுவதற்குள் டீ ஆறிவிடும். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. சத்தி ரோட்டுக்கு அந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. மெட்ரோ வரும் என்று சைட்காரர் சொன்னார். 2011 கணக்கில் நகரத்தின் மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வராத ரயிலுக்குச் சென்ட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க முடியாது.

தண்ணீர்? பஞ்சாயத்துக் குழாயில் அத்திக்கடவு உண்டு, வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. மிச்சத்துக்குப் போர். சைட்டுக்கு நாலு தள்ளி ஒரு வீட்டில் 900 அடியில் மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். நான்தான் போன வருடம் அதைத் தூக்கிச் சரி பண்ணினேன். தினமும் ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் காற்றுதான். அதோடு பருவமழை பிடித்தால் கௌசிகா நதி என்கிற பள்ளம் இந்தப் பக்கம்தான் வரும். குருடி மலையில் தொடங்கி இடிகரை, கோவில்பாளையம் வழியாக நொய்யலுக்குப் போகிற ஓடை. பல வருடம் மண்ணாகக் கிடப்பதால் அது ஓடை என்பதே புது ஆட்களுக்குத் தெரியாது. கிராம வரைபடத்தில் நீலக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தோம். நாங்கள் பார்த்த சைட்டுக்கு அது தள்ளித்தான் இருந்தது. அதே லே-அவுட்டின் கடைசி வரிசை சைட்டுகளைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

மேற்கே தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் பார்க்கவில்லையா என்று மச்சான் கேட்டார். காற்றும் மலையும் சொர்க்கம். ஆனால் நிறைய கிராமங்கள் மலையிடப் பாதுகாப்பு எல்லைக்குள் வருகின்றன, அனுமதி லேசில் கிடைக்காது, வாழைத் தோட்டத்துக்கு யானை வருகிற வழி வேறு. அதோடு விட்டுவிட்டோம்.

பணக்கணக்கில் ஒரு விஷயம் மட்டும். கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு வாங்கினால் 5 லட்சத்து 40 ஆயிரம் சர்க்காருக்கு. பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் தள்ளுபடி என்று 2025 ஏப்ரலில் வந்தது 10 லட்சம் மதிப்பு வரைதான், எங்களுக்கு உதவாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பில் பதிவுச் செலவைச் சேர்க்க மாட்டார்கள். ஆக அந்த 9 சதவீதம் முழுக்கக் கைக்காசு. இதை டவுன்ஷிப் தம்பியின் அட்டவணையில் எங்கேயும் காணோம்.

கணபதி வீடு பார்க்க லட்சணமாக இருக்காது. சந்து 12 அடி. செங்கல் லாரி உள்ளே வராது, முக்கில் இறக்கித் தள்ளுவண்டியில்தான் கொண்டு வர வேண்டும், அந்தக் கூலி தனி. காருக்கு இடமில்லை. எனக்குக் காரும் இல்லை. ஓடு நாட்டு ஓடு, விட்டத்தில் ஒரு பக்கம் கரையான். இப்போதைக்கு ஓடு மாற்றிக் குடியேறி, நாலைந்து வருடம் கழித்து இடித்துக் கட்டலாம் என்பதுதான் யோசனை. 2¾ சென்ட்டில் எல்லாப் பக்கமும் இடம் விட்டால் வீடு தீப்பெட்டி மாதிரிதான் வரும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் மனசு ஊஞ்சல் கொக்கியில்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டுக்காரப் பாட்டி குழாயைத் திறந்து சொம்பில் பிடித்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். “சிறுவாணி இல்லீங் கண்ணு, அத்திக்கடவுதான். ஆனாப் பருப்பு வேகும்” என்றது பாட்டி. மீட்டர் சட்டைப் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. மாநகராட்சிச் சாக்கடை இணைப்பு இருக்கிறது. பட்டறைக்கு நடந்தே போகலாம். மத்தியானம் வீட்டில் வந்து சாப்பிடலாம். 22 வருடமாகத் தூக்குப்போசியில் ஆறின சோறு தின்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு வேளை எனக்கு வெளிநாட்டில் சம்பளம், வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்குவேன் என்றால் டவுன்ஷிப்தான் வாங்குவேன். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். பையனுக்குக் கீரணத்தத்தில் வேலை கிடைத்திருந்தால் சைட்தான். அதுவும் போர் போடுகிற செலவைச் சைட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டு. எனக்கு அமைந்தது சந்து வீடு.

அமைந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. நகர நிலஅளவைப் பதிவேட்டில் பெயர் இன்னும் பாட்டியின் இறந்துபோன வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்று, ஈரோட்டில் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்களின் கையெழுத்து எல்லாம் வர வேண்டும். வடக்குப் பக்கம் நான் சங்கிலி பிடித்துப் பார்த்ததில் இரண்டு அடி குறைகிறது, பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கிறது போல. பக்கத்து வீட்டுக்காரர் என் பட்டறைக்குப் பத்து வருடத்து வாடிக்கைக்காரர். வியாழக்கிழமை காலை சர்வேயர் வருகிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.